நீக்குகிறவர் காரணம் சொல்வாரா?

கரூர் வழக்கறிஞர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஓர் உறுப்பினர் போட்ட செய்தி இரு சமூகங்களுக்கிடையே பகையை மூட்டக்கூடியது என்று போலீசில் புகார் போனது. வழக்கில் செய்தியைப் போட்டவர் பெயரோடு குழுவின் அட்மின் பெயரும் ஏறியது. அட்மினும் வழக்கறிஞர்தான். சும்மா விடாமல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அட்மின் என்பதைத் தவிர அவருக்கு வேறு பங்கில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். அதே ஆண்டின் தொடக்கத்தில் மும்பை உயர் நீதிமன்றம் சொன்ன காரணத்தைத்தான் அவரும் பின்பற்றினார்: அட்மினால் ஆளைச் சேர்க்க முடியும், விலக்க முடியும், உறுப்பினர் என்ன எழுதப்போகிறார் என்பதை முன்கூட்டியே தடுக்க முடியாது.

தீர்ப்பின் மை காய்ந்து சில மாதங்களில் நிலைமை மாறிவிட்டது. 2022இல் வாட்ஸ்அப், எந்த உறுப்பினருடைய செய்தியையும் எல்லோர் பார்வையிலிருந்தும் அழிக்கும் அதிகாரத்தை அட்மின்களுக்குக் கொடுத்தது. அதே ஆண்டில் குழுவின் உச்ச அளவு 256 பேரிலிருந்து 512 ஆகி, பிறகு 1024 ஆனது. குடும்பக் குழுவும் தெருக்குழுவும் ஒரு சிற்றூரின் அளவுக்குப் பெருகலாம். அழிக்க முடிகிறவர் அழிக்காமல் விட்டால் அவர் குற்றவாளியா? அழித்தால், எழுதியவரின் பேச்சுரிமை என்ன ஆகும்?

வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே நீதிமன்றம் ஏறிய கேள்வி இது. 1994இல் அமெரிக்காவில் பிராடிஜி என்ற கணினிச் சேவை நடத்திய ‘மணி டாக்’ என்ற உரையாடல் பலகையில், பெயர் தெரியாத ஒருவர் ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று எழுதினார். நிறுவனம் 20 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த இடம் என்று பெருமையாக விளம்பரம் செய்துகொண்டிருந்தது பிராடிஜி. கெட்ட வார்த்தைகளைச் சலித்தெடுக்க மென்பொருள் வைத்திருந்தது. பலகைகளைக் கவனிக்க ஆட்களையும் நியமித்திருந்தது. அதுவே வினையானது. பதிவுகளைக் கண்காணித்துத் திருத்துகிறவர் பதிப்பாளர்தான், ஆகவே அவதூறுக்கும் பொறுப்பு என்று நியூயார்க் நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கம்ப்யூசர்வ் என்ற போட்டி நிறுவனத்தின்மீது இதே மாதிரி வழக்கு வந்தபோது, அது எதையும் படித்துப் பார்ப்பதில்லை என்பதால் தப்பியிருந்தது.

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாடம் ஒன்றுதான்: இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க முயன்றால் மாட்டுவாய், கண்ணை மூடிக்கொண்டால் தப்பிப்பாய். மானம் போயிற்று என்று வழக்குப் போட்ட நிறுவனத்தின் தலைவர்கள் பின்னாளில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள் என்பது கூடுதல் வேடிக்கை. ‘தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ படத்தில் டிகாப்ரியோ நடித்தது அவர்களில் ஒருவரின் கதையில்தான்.

இந்த முரணைக் களைய கிறிஸ் காக்ஸ் (குடியரசுக் கட்சி), ரான் வைடன் (ஜனநாயகக் கட்சி) என்ற இரு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுதியதுதான் 1996ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு. பிறர் எழுதியதற்கு இடம் கொடுத்தவர் பதிப்பாளராகக் கருதப்பட மாட்டார் என்று அதன் முதல் பாதி 26 ஆங்கிலச் சொற்களில் சொல்கிறது. ஆட்சேபத்துக்குரியது என்று நல்லெண்ணத்தோடு எதையாவது நீக்கினால் அதற்காகவும் அவர்மீது வழக்கு நிற்காது என்பது இரண்டாம் பாதி. பலரும் முதல் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் பிறந்ததே இரண்டாவதற்காக. துடைப்பத்தைக் கையில் எடுக்கிறவரைக் காப்பாற்றுவதற்காக. சட்டம் கையெழுத்தான 1996 பிப்ரவரி 8 அன்றே, இணைய உரிமை ஆர்வலர் ஜான் பெர்ரி பார்லோ டாவோஸ் நகரில் உட்கார்ந்து, இணையவெளிக்கு எந்த அரசும் எஜமானன் அல்ல என்று சுதந்திரப் பிரகடனம் எழுதினார்.

எஜமானன் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு அப்போதே ஒரு சோதனை நடந்து முடிந்திருந்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் என்பவர் உருவாக்கிய லாம்ப்டாமூ என்ற, எழுத்தாலேயே ஆன கற்பனை இணைய உலகில், நிரலாளர்களே ‘மந்திரவாதிகள்’. உறுப்பினர்களின் சண்டை சச்சரவுகளில் இனி தலையிட மாட்டோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று 1992 கடைசியில் அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் ஒருவர் மற்றப் பாத்திரங்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவதாக எல்லோர் கண்முன்னும் எழுதிக் காட்டினார். உறுப்பினர்கள் கூட்டம் போட்டு மணிக்கணக்கில் பேசினார்கள், முடிவு எட்டப்படவில்லை. கூட்டத்துக்குப் பிறகு ஒரு மந்திரவாதி யாரையும் கேட்காமல் பங்கிளின் கணக்கை அழித்தார். ஜூலியன் டிபெல் 1993இல் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையால் இந்தச் சம்பவம் உலகறிந்தது. சம்பவத்துக்குப் பிறகு கர்ட்டிஸ் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையை ஏற்படுத்தினார். விதி இல்லாத இடத்தில் சுதந்திரம் நிலவவில்லை. கையில் சாவி வைத்திருந்த ஒருவரின் அன்றைய மனநிலைதான் நிலவியது.

அதனால் ‘மட்டுறுத்தல் வேண்டுமா, வேண்டாமா’ என்ற பட்டிமன்றத் தலைப்பு பெரும்பாலும் வீண் பேச்சு. யார் நீக்குகிறார், எந்த விதிப்படி, காரணம் சொல்கிறாரா, மேல்முறையீடு உண்டா என்பவைதான் பேச வேண்டிய விஷயங்கள். விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அதை அமல்படுத்தும் முறையில்தான் கருத்துரிமை பிழைக்கிறது அல்லது சாகிறது.

ஃபேஸ்புக்கின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஆரம்ப காலத்தில் அங்கே நீக்குவதற்கான வழிகாட்டி ஒரே ஒரு பக்கம். அதன் சாரம், பார்த்தால் மனதுக்குச் சங்கடமாக இருக்கிறதா, எடுத்துவிடு என்பதுதான். கோடிக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்ததும் சங்கடம் என்பது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறியது, விதிப்புத்தகம் தடித்தது. தடித்த புத்தகமும் 2016 செப்டம்பரில் சறுக்கியது. போரின் போக்கை மாற்றிய படங்கள் என்று ஒரு நார்வே எழுத்தாளர் சிலவற்றைப் பகிர்ந்தார். நேபாம் குண்டில் வெந்து ஆடையின்றி ஓடிவரும் வியட்நாம் சிறுமியின் 1972ஆம் ஆண்டுப் படமும் அதில் இருந்தது. குழந்தை நிர்வாணம் என்று படம் நீக்கப்பட்டது. ‘ஆஃப்டன்போஸ்டன்’ நாளிதழின் ஆசிரியர் எஸ்பன் எகில் ஹான்சன் முதல் பக்கத்தில் மார்க் ஸக்கர்பெர்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பிரதமர் எர்னா சோல்பெர்க் அதே படத்தைப் பகிர்ந்தார். அவர் பதிவும் காணாமல் போனது. அதற்குப் பிறகுதான் நிறுவனம் இறங்கி வந்தது. ஒரு நாட்டின் பிரதமர் பின்னால் நின்றதால் படம் திரும்பியது. பிரதமர் துணைக்கு வராதவர்களின் படங்கள் எத்தனை போயினவோ?

அப்படிப்பட்டவர்களுக்காக என்று சொல்லி ஃபேஸ்புக் 2020இல் ஒரு மேற்பார்வை வாரியத்தை அமைத்தது. நீக்கப்பட்ட பதிவுகளுக்கு அது மேல்முறையீட்டு மன்றம் மாதிரி. டொனால்டு டிரம்ப்பின் கணக்கை முடக்கியது சரி, ஆனால் காலவரையறை இல்லாமல் முடக்கியது தவறு என்று 2021 மே மாதம் அது சொன்னது உலகச் செய்தியானது. அதைவிட முக்கியமான தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. அதிகம் பேர் கவனிக்கவில்லை.

குர்து இயக்கத் தலைவர் அப்துல்லா ஓசலான் துருக்கியின் இம்ராலி தீவுச் சிறையில் 1999 முதல் இருக்கிறார். அவரது தனிமைச் சிறைவாசத்தைப் பற்றிப் பேசலாமே என்று அமெரிக்காவில் ஒருவர் அவர் படத்தோடு ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். ஆபத்தான அமைப்பை ஆதரிக்கிறார் என்று பதிவு நீக்கப்பட்டது. வாரியம் வழக்கைக் கையில் எடுத்த பிறகு குட்டு வெளிப்பட்டது. சிறைவாசத்தின் நிலைமையைப் பற்றிப் பேசுவது விதிமீறல் அல்ல என்று 2017இலேயே ஓர் உள்குறிப்பு எழுதப்பட்டிருந்தது. 2018இல் புதிய கணினி முறைக்கு மாறும்போது அது விட்டுப்போனது. மூன்று ஆண்டுகளாக யாருக்கும் அது காணாமல் போனதே தெரியாது. அந்த மூன்று ஆண்டுகளில் அதே காரணத்துக்காக நீக்கப்பட்டவர்கள் எங்கே போய்ச் சொல்வார்கள்? தங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அது வெளியிடப்பட்ட விதி அல்ல.

ஈழத் தமிழர்களுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத இயக்கப் பட்டியலில் இருக்கிறார்கள். நவம்பர் 27 மாவீரர் நாளை ஒட்டி நினைவேந்தல் பதிவுகளும் கணக்குகளும் நீக்கப்படுவதாகப் புலம்பெயர்ந்தவர்களும் ஈழச் செய்தித் தளங்களும் ஆண்டாண்டாக முறையிடுகிறார்கள். இயக்கத்தைப் புகழ்வது ஒன்று. இறந்த மகனின் படத்துக்குத் தாய் விளக்கேற்றுவது வேறு. அந்த நாளைச் செய்தியாக்குவது இன்னும் வேறு. கொடியும் சீருடையும் தெரிந்தவுடன் கத்தரிக்கும் இயந்திரத்துக்கு மூன்றும் ஒன்றுதான்.

அதே இலங்கையில் நேர்மாறான தவறும் நடந்தது. அது உயிர்களைக் குடித்தது. 2018 தொடக்கத்தில், முஸ்லிம் உணவகங்களில் சிங்களவர்களுக்குக் கருத்தடை மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்ற வதந்தி அம்பாறையில் கிளம்பியது. மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனையில் கலவரம் வெடித்தது. முஸ்லிம்களைக் கொல்லத் தூண்டிய சிங்களப் பதிவுகளைப் பற்றிச் சிவில் அமைப்புகள் புகார் செய்தபோது, எங்கள் விதிகளை இவை மீறவில்லை என்ற பதில் வந்தது. சிங்களம் படிக்கத் தெரிந்த பரிசீலனையாளர்கள் நிறுவனத்தில் அரிதாக இருந்தார்கள். அரசு அவசரநிலையை அறிவித்து ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரம் முடக்கியது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதம். மியான்மரில் ரோஹிங்யா மக்களுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய கொடுமை. வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று ஃபேஸ்புக் 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது.

ஒரே நிறுவனம், ஒரே விதிப்புத்தகம். ஓரிடத்தில் அழக்கூட விடவில்லை, இன்னோரிடத்தில் கொல்லச் சொன்னதை விட்டுவைத்தது. காரணம் கொள்கையில் இல்லை. மொழியும் ஊரும் தெரிந்த ஆட்கள் இல்லாததில் இருக்கிறது. தமிழிலும் இதைப் பார்க்கலாம். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வெறுப்புப் பேச்சு விதிகள் பாதுகாக்கும் அடையாளங்களில் சாதியும் உண்டு. ஆனால் இன்ஸ்டாகிராமில் வீச்சரிவாள் படத்தோடும் ‘ஆண்ட பரம்பரை’ வசனத்தோடும் வரும் ஒரு காணொளி யாரை நோக்கி விரல் நீட்டுகிறது என்பது தென்மாவட்டப் பேருந்தில் போகிறவருக்குப் புரியும். சொற்பட்டியலை வைத்துத் தேடும் கணினிக்குப் புரியாது. பின்னூட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் வசவு வந்தால் கேட்கவே வேண்டாம்.

நிறுவனங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையாக ஒளிபரப்பினான். அடுத்த 24 மணி நேரத்தில் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை ஃபேஸ்புக் நீக்கியது. அவற்றில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. மனிதக் கண்களை மட்டும் நம்பினால் இது நடக்காது. அந்தக் கண்களுக்கும் விலை உண்டு. தலை அறுப்பதையும் குழந்தைகள் சிதைக்கப்படுவதையும் நாள் முழுக்கப் பார்த்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் மனநோய்க்கு ஆளானதாகத் தொடுத்த வழக்கை, 2020இல் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அது அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு மட்டும். மணிலாவிலும் நைரோபியிலும் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்தவர்கள் அதில் சேர்த்தி இல்லை.

விதி போட்டால் பேச்சு சுருங்கிவிடும் என்பது பலரின் அச்சம். இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. ரெடிட் தளம் 2015இல் உடல் பருமனானவர்களையும் கறுப்பினத்தவரையும் இழிவுபடுத்திய இரண்டு பெரிய குழுக்களை மூடியது. ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் குழுக்களில் இருந்தவர்களில் கணிசமானோர் தளத்தை விட்டே போனார்கள். தங்கியவர்களின் வெறுப்புச் சொற்கள் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வீழ்ந்தன. ஆனால் வெளியேறியவர்கள் திருந்திவிட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. டிரம்ப் ஆதரவாளர்களின் பெரிய குழுவொன்று தனித் தளம் தொடங்கிப் போனபோது, கூட்டம் குறைந்தது, நஞ்சு கூடியது என்று 2021இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது.

இதைவிடச் சுவையானது நேதன் மட்டையாஸ் என்ற ஆய்வாளர் ரெடிட்டின் அறிவியல் குழுவில் 2016இல் நடத்திய பரிசோதனை. 2,190 விவாதங்களில் சிலவற்றின் தலையில் குழுவின் விதிகளையும், அவற்றை அமல்படுத்தப் பலர் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு குறிப்பாகப் போட்டார், மற்றவற்றில் போடவில்லை. குறிப்பு இருந்த இடங்களில் புதியவர்கள் விதியை மதிப்பது 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. அது எதிர்பார்த்ததுதான். புதியவர்களின் பங்கேற்பு சராசரியாக 70 சதவீதம் கூடியதைத்தான் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். விதியைப் பார்த்தால் வாய் மூடுவார்கள் என்று நினைத்த இடத்தில், வசைக்குப் பயந்து ஒதுங்கி நின்றவர்கள் பேச வந்தார்கள். 2019இல் இன்னொரு குழு 3.2 கோடி ரெடிட் பதிவுகளை ஆராய்ந்தது. பதிவை நீக்கும்போது ஏன் என்று விளக்கினால், எழுதியவரின் அடுத்தடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைகிறது என்று அது கண்டது. சத்தமில்லாமல் அழிப்பதுதான் மோசமான வழி.

ரெடிட்டின் மட்டுறுத்துநர்கள் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களது உழைப்பின் மதிப்பு ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர் என்று 2022ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வெளிச் செயலிகளுக்கு நிறுவனம் திடீர்க் கட்டணம் விதித்தபோது, 2023 ஜூனில் ஆயிரக்கணக்கான குழுக்களை அவர்கள் பூட்டிப்போட்டார்கள். திறக்காவிட்டால் மாற்றிவிடுவோம் என்று நிறுவனம் மிரட்டியதும் பெரும்பாலானவை திறந்தன. ஊர்க்காரர்கள் கோயிலைப் பராமரிக்கலாம். பட்டா வேறொருவர் பெயரில் இருக்கிறது.

பட்டாவும் பராமரிப்பும் ஓரளவு ஒரே கையில் இருக்கும் இடம் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு கட்டுரை நீக்கப்பட்டால், யார் நீக்கினார், எப்போது, என்ன காரணம் என்பது நீக்கல் பதிவில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். சண்டை பேச்சுப் பக்கத்தில் நடக்கும், அதையும் படிக்கலாம். குறைகள் இல்லாமல் இல்லை. நிர்வாகிகள் சிலரே என்பதால் கோஷ்டி கட்டுகிறார்கள் என்ற முணுமுணுப்பு எல்லா மொழி விக்கியிலும் உண்டு. ஆனாலும் வேறெந்தப் பெரிய தளமும் தன் அழிப்பானை இவ்வளவு வெளிச்சத்தில் பயன்படுத்துவதில்லை.

அந்த வெளிச்சத்தையும் அணைக்கப் பார்த்தார்கள். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் விக்கிமீடியா அறக்கட்டளைமீது அவதூறு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கைப் பற்றியே விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை வந்தபோது, டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்க உத்தரவிட்டது. 2024 அக்டோபரில் பக்கம் மறைக்கப்பட்டது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் அந்த உத்தரவை ரத்துசெய்தார்கள். நீதிமன்றங்களும் பொது விவாதத்துக்கு உட்பட்டவையே என்றார்கள்.

அமெரிக்காவில் காற்று இப்போது வேறு பக்கம் வீசுகிறது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதே நிறுவனத்தின் கருத்துரிமை என்ற திசையில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் பேசியது. 2025 ஜனவரியில் மெட்டா அமெரிக்காவில் உண்மை சரிபார்ப்பாளர்களைக் கைவிட்டு, எக்ஸ் தளத்தைப் போல மக்கள் குறிப்புகளுக்கு மாறுவதாக அறிவித்தது. வழக்கமாகக் கருத்து வேறுபடுகிறவர்கள் இருவரும் சரி என்று சொன்னால்தான் அங்கே குறிப்பு வெளியாகும். நல்ல யோசனைதான், ஆனால் வதந்தி ஊரைச் சுற்றி முடித்த பிறகே பல நேரங்களில் குறிப்பு வருகிறது. ஐரோப்பா எதிர்த் திசையில் போகிறது. 24 மணி நேரக் கெடுவும் 5 கோடி யூரோ அபராதமும் வைத்த ஜெர்மன் சட்டம், சந்தேகம் வந்தாலே அழித்துவிடு என்ற பழக்கத்தை வளர்க்கும் என்று விமர்சிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி முதல் முழுமையாக அமலான ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், நீக்கும்போது காரணத்தை எழுதித் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும் என்கிறது. தவறினால் உலக வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம்.

இந்தியாவில் பெரிய மட்டுறுத்துநர் அரசுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினாலே மூன்றாண்டுச் சிறை என்றது. 2012இல் புதுச்சேரி வணிகர் ஒருவர் அரசியல் வாரிசு ஒருவரைப் பற்றிய ட்வீட்டுக்காகக் கைதானார். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் மும்பை முழு அடைப்பைக் கேள்வி கேட்ட ஓர் இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவைத் தூக்கியெறிந்தது. ஆனால் தளங்களை முடக்கும் 69ஏ பிரிவை விட்டுவைத்தது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறதே என்பது ஒரு காரணம்.

அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் எப்படி என்று தமிழ் வாசகர்கள் 2025 பிப்ரவரியில் பார்த்தார்கள். அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நேரத்தில், டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கும் கேலிச்சித்திரத்தை விகடன் வெளியிட்டது. பிப்ரவரி 15 அன்று இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு சித்திரத்துக்காக மொத்தத் தளமும் பூட்டப்பட்டது. அமைச்சகத்தின் அறிவிப்பு அதற்குப் பின்னால் வந்தது. மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4ஆம் விதியின் 8ஆம் உட்பிரிவு, பெரிய சமூக ஊடக நிறுவனம் தானாக ஒரு பதிவை நீக்கினால் அதை எழுதியவருக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. அருமையான விதி. அதை எழுதிய அரசுக்கு மட்டும் அது பொருந்தாது. 69ஏ பிரிவின்கீழ் 2009இல் வந்த முடக்க விதிகளில் 16ஆவது, புகாரையும் அதன்மீது எடுத்த நடவடிக்கையையும் கண்டிப்பாக இரகசியமாக வைக்கச் சொல்கிறது. உத்தரவின் நகல் கையில் இல்லாதவர் எதை எதிர்த்து வழக்குப் போடுவார்? நிறுவனங்களிடம் கேட்கும் நியாயத்தை அரசு தன்னிடமும் கேட்டுக்கொள்வதானால், முதலில் அடித்துத் தள்ள வேண்டியது அந்த 16ஆம் விதியைத்தான்.